கொன்பினியில் 'லிஸ்தா' (கடன் நோட்டு) கிடையாது: சாரி-சாரி பழக்கத்தோடு ஜப்பான் போகிறவர்களுக்கு

பிலிப்பைன்ஸில் தெருவுக்குத் தெரு ஒரு சாரி-சாரி கடை இருக்கும். வீட்டின் முன் ஜன்னலுக்குக் கம்பி வலை அடித்து, உள்ளே ஷாம்பு, காபித்தூள் பாக்கெட்டுகளைச் சரம் சரமாகத் தொங்கவிட்டிருப்பார்கள். பெட்டிக்கடை தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஜன்னலில் நின்று "பபிலி போ" என்று குரல் கொடுத்தால், அதாவது "வாங்கணுங்க" என்றால், உள்ளிருந்து அந்த வீட்டு அக்கா வருவார். நாடு முழுக்க இப்படிப்பட்ட கடைகள் பத்து லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள்.

இந்தப் பழக்கத்தோடு ஜப்பானுக்குக் குடிபோன பிலிப்பைன்ஸ்காரர்கள் 3 லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். பேக்டரி ஷிப்ட் முடிந்து இரவு பதினொன்றுக்கு வெளியே வந்தால் அவர்களுக்குத் திறந்திருப்பது கொன்பினிதான். கன்வீனியன்ஸ் ஸ்டோர் என்பதை ஜப்பானியர் சுருக்கி வைத்த பெயர் அது. டோக்கியோவின் தொயோசுவில் 1974இல் செவன்-இலெவன் தன் முதல் ஜப்பான் கடையைத் திறந்தது. இன்று எல்லா நிறுவனங்களையும் சேர்த்தால் 55,000 கடைகளைத் தாண்டும்.

பெயர்ப் பலகை பிலிப்பைன்ஸ்காரர்களுக்குப் புதிதல்ல. மணிலாவை ஒட்டிய கேஸோன் சிட்டியில் எட்ஸா, காமியாஸ் சாலைகள் சந்திக்கும் முனையில் 1984இலேயே செவன்-இலெவன் வந்துவிட்டது. ஜப்பானில் உள்ள மற்றக் கொன்பினி நிறுவனங்களில் மினிஸ்டாப் 2000இல் வந்தது, ஃபேமிலிமார்ட் 2013இல், லாசன் 2015இல். பலகை தெரிந்ததாக இருப்பதால்தான் ஜப்பானில் முதல் சில வாரம் தடுமாற்றம் வருகிறது. அதே பலகைக்குப் பின்னால் இருக்கும் கடை வேறு, அதன் ஒழுங்கு வேறு. அந்த ஒழுங்கைப் புரிந்துகொண்டால் கொன்பினி கொடுக்கும் சேவைக்கு ஈடாக ஆசியாவில் இன்னொன்றைச் சொல்வது கடினம். புரியாமல் போனால் ஆறிப்போன சாதமும் வீணாகப் போன காசும்தான் மிச்சம்.

கவுன்டரிலிருந்து ஆரம்பிக்கலாம். உள்ளே நுழைந்ததும் "இராஷ்ஷைமாசே" என்று குரல் வரும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. அது 'வாங்க' என்ற பொது அழைப்பு, உங்களைத் தனியாகப் பார்த்துச் சொல்வதல்ல. பணம் கொடுக்கும்போது வரும் கேள்விகள் பெரும்பாலும் ஐந்து. 'பொயின்தோ காதோ' என்று காதில் விழுந்தால் பாயின்ட் கார்டு இருக்கிறதா என்று கேட்கிறார்கள். 'ஃபுகுரோ' என்றால் பை. 2020 ஜூலை 1 முதல் பிளாஸ்டிக் பைக்குக் காசு, பெரும்பாலும் 3 முதல் 5 யென். 'அதத்தமேமாஸ்கா' என்றால் சூடு பண்ணட்டுமா. 'ஓஹாஷி' என்றால் சாப்பிடும் குச்சி. ஐந்தாவது, பீரோ சிகரெட்டோ வாங்கினால் திரையில் வரும் வயது உறுதிமொழி. அதை நீங்களே தொட வேண்டும்.

இந்தக் கேள்விகளுக்கு இரண்டே பதில்தான். வேண்டும் என்றால் "ஓனெகாய்ஷிமாஸ்". வேண்டாம் என்றால் "தைஜோபு தெஸ்". பாடப்புத்தகத்தில் தைஜோபு என்பதற்கு 'சரி', 'பரவாயில்லை' என்று பொருள் போட்டிருக்கும். அதை நம்பி, "சூடு பண்ணட்டுமா?" என்பதற்கு 'சரி' என்ற நினைப்பில் தைஜோபு சொன்னால் பென்டோ, அதாவது சோறும் கறியும் அடைத்த சாப்பாட்டுப் பெட்டி, அப்படியே சில்லென்று பைக்குள் போய்விடும். புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறுகளில் இதுதான் முதலிடம். இன்னொன்று வயது. ஜப்பானில் மேஜர் ஆகும் வயதை 2022 ஏப்ரலில் 18 ஆக்கிவிட்டார்கள், ஆனால் மதுவுக்கும் புகையிலைக்கும் 20 என்பது மாறவில்லை. பிலிப்பைன்ஸில் 18 வயதில் பீர் வாங்கிப் பழகிய பத்தொன்பது வயதுப் பையன் இங்கே வாங்க முடியாது.

காசைக் கையில் திணிக்காதீர்கள். சின்னத் தட்டு இருக்கும், அதில் வையுங்கள். இப்போது பல கடைகளில் ஊழியர் பொருளை ஸ்கேன் செய்வார், பணத்தை நீங்களே இயந்திரத்தில் போட வேண்டும். சில்லறையில் ஒரு சிக்கல் உண்டு: 5 யென் நாணயத்தில் எண்ணே கிடையாது, கான்ஜி எனும் சீன வழி எழுத்தில்தான் போட்டிருக்கும். நடுவில் ஓட்டை இருந்து மஞ்சளாக இருந்தால் 5, ஓட்டை இருந்து வெள்ளியாக இருந்தால் 50. பிலிப்பைன்ஸில் சில்லறைக்கு எப்போதும் தட்டுப்பாடு. ஜீப்னி வண்டிகளில் 'காலையில் சில்லறை மட்டும் கொடுங்க' என்று எழுதியே ஒட்டியிருப்பார்கள். உண்டியலை உடைத்துச் சில்லறையோடு போனால் சாரி-சாரி கடைக்கார அக்கா முகம் மலரும். ஜப்பானில் ஒரே மதிப்புள்ள நாணயம் இருபதுக்கு மேல் போனால் வாங்க மறுக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது.

சாப்பாட்டில் கொன்பினியின் கைவண்ணத்தை ஓனிகிரி ஒன்றை வைத்தே சொல்லிவிடலாம். முக்கோணமாகப் பிடித்த சோற்று உருண்டை, சுமார் 100 கிராம், உள்ளே ஒரு தேக்கரண்டிப் பூரணம், சுற்றிலும் நோரி என்ற கடற்பாசித் தாள். நோரி சோற்றோடு ஒட்டிக்கிடந்தால் கால் மணி நேரத்தில் நமத்துப்போகும். அதனால் இரண்டுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலம் வைத்துச் சுற்றியிருக்கிறார்கள். மேலே 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும். 1 என்பது உச்சியில் இருக்கும் நாடா; அதை நேராகக் கீழே இழுத்து, அடியைச் சுற்றிப் பின்பக்கம் மேல்வரை கொண்டுபோய் முழுவதும் கழற்ற வேண்டும். பாதியில் விட்டால் அடுத்த இரண்டும் வராது. பிறகு 2 என்ற மூலையைப் பிடித்து மெதுவாகப் பக்கவாட்டில் இழுத்தால் படலம் நோரிக்கு அடியிலிருந்து உருவிக்கொண்டு வரும். அப்புறம் 3. அவசரத்தில் மூலையை முதலில் இழுத்தால் நோரி கிழிந்து ஒரு முக்கோணத் துண்டு பிளாஸ்டிக்குக்குள்ளேயே தங்கிவிடும். சரியாகப் பிரித்ததற்கு அடையாளம், கடிக்கும்போது அப்பளம் நொறுங்குவதுபோல ஒரு சத்தம்.

ஓனிகிரியை வீட்டு ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். சோற்றின் மாவுச்சத்து குளிரில் இறுகி அரிசி நொய்போல உதிரும். கடையிலேயே அதைப் பால், சாலட் வைக்கும் குளிரில் வைப்பதில்லை, சுமார் 20 டிகிரியில்தான் வைக்கிறார்கள். பேரளவு விற்பனை டூனா மயோனீஸுக்கு. பிலிப்பைன்ஸ் நாக்குக்கு மிக நெருக்கமானது உமேபோஷி, உப்பில் ஊறிய புளிப்புக் காய். சினிகாங் சூப்பின் புளிப்பில் வளர்ந்தவர்களுக்கு அது உடனே பிடித்துப்போகும். சைவம் சாப்பிடும் தமிழர்கள் கவனிக்க: மீன் துண்டு கண்ணில் படாவிட்டாலும் கத்சுவோ எனும் சூரை மீன் சாறு பல பூரணங்களில் சேர்ந்திருக்கும். உமேபோஷியாகவே இருந்தாலும் பின்பக்க லேபிளைப் படிக்காமல் வாங்க வேண்டாம்.

பென்டோ லேபிளில் இரண்டு நேரம் அச்சடித்திருப்பார்கள், 500 வாட்டுக்கு ஒன்று, 1500 வாட்டுக்கு ஒன்று. கடை மைக்ரோவேவ் 1500 வாட் வகை, நாற்பது, ஐம்பது வினாடியில் முடியும். வீட்டில் இருப்பது பெரும்பாலும் 500, 600 வாட். கடையில் பார்த்த நினைவில் நாற்பது வினாடி வைத்தால் ஓரம் கொதிக்கும், நடுச்சோறு ஐஸாக இருக்கும். வீட்டில் சூடாக்கினால் சாஸ் பாக்கெட்டை மறக்காமல் எடுத்துவிடுங்கள், வெடிக்கும். ருசி நன்றாகவே இருக்கும், உப்பும் எண்ணெயும் அளவாக இருக்கும். சோற்றின் அளவுதான் போதாது. குழம்போ வறுவலோ கொஞ்சம், சோறு நிறைய என்பது பிலிப்பைன்ஸ் தட்டு. அங்கே 'அன்லி ரைஸ்' என்று பலகை போட்டு எத்தனை முறை கேட்டாலும் சோறு போடும் கடைகளே உண்டு. தனியாக விற்கும் 200 கிராம் பாக்கெட் சோறு ஒன்று சேர்த்து வாங்கினால் சரியாக இருக்கும்.

இன்னொரு விஷயம், நேரம். பென்டோவிலும் ஓனிகிரியிலும் காலாவதி தேதியோடு மணியும் இருக்கும். அந்த மணி தாண்டினால் பில் இயந்திரமே பொருளை ஏற்காது, ஊழியர் நினைத்தாலும் விற்க முடியாது. சூப்பர்மார்க்கெட்டில்போலச் சாயங்கால அரைவிலை ஸ்டிக்கரை எல்லாக் கொன்பினியிலும் எதிர்பார்க்க முடியாது. அலமாரியின் பின்வரிசையில் கைவிட்டுப் புதியதை எடுப்பது நம் எல்லோர் ஊரிலும் உள்ள பழக்கம். ஜப்பானில் 'தெமாயேதோரி' என்று ஒட்டியிருப்பார்கள்: உடனே சாப்பிடப் போகிறீர்கள் என்றால் முன்னால் இருப்பதை எடுங்கள், வீணாவது குறையும்.

கவுன்டர் பக்கத்தில் ஆவி பறக்கும் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் நிகுமானை, அதாவது பூரணம் வைத்து ஆவியில் வெந்த பன்னைப் பார்த்ததும் பிலிப்பைன்ஸ்காரர்கள் தங்கள் ஊர்ப் பன்னின் பெயரைச் சொல்லி "சியோபாவ்!" என்பார்கள். உறவு உண்மைதான், இரண்டுக்கும் தாய்வீடு சீனா. சியோபாவில் இனிப்பான கெட்டி சாஸ் இருக்கும், சிலவற்றில் உப்பு முட்டையும் இருக்கும். நிகுமானில் பெரும்பாலும் பன்றி இறைச்சியும் வெங்காயமும்தான், அந்த இனிப்பு சாஸ் தரமாட்டார்கள். ஓசாகா அடங்கிய கான்சாய் பக்கம் கடுகு கிடைக்கும். கோடைக்காலத்தில் தேடாதீர்கள், குளிர்காலப் பண்டம் அது. பொரித்த கோழி ஆண்டு முழுவதும் உண்டு. லாசனின் கராகே-குன் 1986இலிருந்து இருக்கிறது, ஃபேமிலிமார்ட்டின் ஃபாமிச்சிகி 2006இலிருந்து. ஃபாமிச்சிகி எலும்பில்லாத தொடை, சாறு நிறைய. பிலிப்பைன்ஸில்போலக் கிரேவி கிடையாது, கேட்டால் விழிப்பார்கள்.

தனியாகச் சொல்ல வேண்டியது ஹாலோ-ஹாலோ. ஜப்பான் மினிஸ்டாப்பில் இந்தப் பெயரிலேயே ஒரு ஐஸ் பண்டம் 1995இலிருந்து வருகிறது. பெயரைப் பார்த்து வாங்கும் பிலிப்பைன்ஸ்காரர்கள் முதல் கரண்டியிலேயே திகைப்பார்கள். மணிலாவின் ஹாலோ-ஹாலோ என்றால் உயரக் கண்ணாடிக் கோப்பையின் அடியில் சர்க்கரைப் பாகில் ஊறிய பயறு, வாழைப்பழம், நாட்டா டி கோகோ எனும் தேங்காய் நீர் ஜெல்லி, மாகாபூனோ எனும் மென்மையான தேங்காய். அதன்மேல் துருவிய ஐஸ். ஐஸ்மேல் எவாப்பரேட்டட் பால். உச்சியில் ஊபே எனும் ஊதா நிற வள்ளிக்கிழங்கு விழுது, லெச்சே ஃபிளான் எனும் முட்டை-பால் கஸ்டர்டுத் துண்டு, பொரித்த அவல். பெயரின் பொருளே 'கலக்கு, கலக்கு'. அடிவரை கலக்கிக் குழப்பினால்தான் ருசி. மினிஸ்டாப்பில் வருவது பழ ருசியோ ராமுனே சோடா ருசியோ ஏற்றிய ஐஸ், நடுநடுவே ஜெல்லி, மேலே வெண்ணிலா சாஃப்ட் ஐஸ்கிரீம். பால் ஊற்றுவதில்லை, பயறு இல்லை, ஊபே இல்லை. கலக்கினால் நீர்த்துப்போகும்; மேலிருந்து கீழே அடுக்கடுக்காகச் சாப்பிடுவதே முறை. பெயரை மறந்துவிட்டுச் சாப்பிட்டால் ஆகஸ்ட் புழுக்கத்துக்கு அருமையான பண்டம், குறிப்பாக அந்த சாஃப்ட் ஐஸ்கிரீம்.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், உலகப் போருக்கு முன் பிலிப்பைன்ஸில் குடியேறிய ஜப்பானியர்கள் பாகில் ஊறிய பயற்றின்மேல் ஐஸ் துருவிப் போட்டு விற்றதிலிருந்துதான் ஹாலோ-ஹாலோ வளர்ந்தது என்று உணவு வரலாறு எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். ஜப்பானிலிருந்து போய், பால் சேர்ந்து, ஊபே சேர்ந்து, பெயர் மாறி, மறுபடி ஜப்பானுக்கே திரும்பி வந்திருக்கிறது. அதே மினிஸ்டாப் பிலிப்பைன்ஸில் 2022இல் பெயர் மாறி அங்கிள் ஜான்ஸ் ஆகிவிட்டது. அது அங்கே பேர்பெற்ற அவர்களுடைய பொரித்த கோழியின் பெயர்.

சாப்பாட்டைவிடக் கொன்பினியின் பெரிய பலம் அலுவலக வேலைகள். மின்சாரம், கேஸ், தண்ணீர், குடியிருப்பு வரி, தேசிய மருத்துவக் காப்பீடு, பென்ஷன் எல்லாவற்றுக்கும் தபாலில் பார்கோடு போட்ட சீட்டு வரும். கவுன்டரில் நீட்டினால் ஸ்கேன் செய்து, முத்திரை குத்தி, ரசீதுப் பகுதியைக் கிழித்துக் கொடுப்பார்கள். முடிந்தவரை ரொக்கமாக எடுத்துப் போங்கள், கார்டு பெரும்பாலும் செல்லாது. 3 லட்சம் யென்னுக்கு மேற்பட்ட சீட்டில் பார்கோடே இருக்காது, வங்கிக்குத்தான் போக வேண்டும். கெடு தாண்டினால் பல சீட்டுகளைக் கடையில் வாங்கமாட்டார்கள். அந்தச் சிறு ரசீதைத் தூக்கி எறியவே கூடாது. பிற்பாடு நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கும்போது பென்ஷனும் காப்பீடும் கட்டியிருக்கிறீர்களா என்று மட்டும் பார்க்கமாட்டார்கள், கெடுவுக்குள் கட்டியிருக்கிறீர்களா என்றும் பார்ப்பார்கள். சீட்டில் கட்டியவர்களுக்கு அந்த முத்திரைதான் சாட்சி. குடியிருப்பு வரி முந்தைய வருடச் சம்பளத்துக்குப் போடுவது. வந்த வருடம் ஒன்றும் வராது, அடுத்த ஜூனில் மொத்தமாக வந்து நிற்கும். அதற்கும் பணம் எடுத்து வையுங்கள்.

பிலிப்பைன்ஸில் இருப்பிடச் சான்று வேண்டுமென்றால் பாராங்காய் எனும் வட்டார நிர்வாக அலுவலகத்துக்குப் போக வேண்டும். அங்கே உங்களைத் தெரிந்தவர்கள் இருப்பார்கள், நலம் விசாரித்துக் கையெழுத்துப் போடுவார்கள். ஜப்பானில் மை நம்பர் கார்டு எனும் அடையாள அட்டை இருந்தால், பெரும்பாலான ஊர்களில் காலை 6:30 முதல் இரவு 11 வரை கொன்பினி ஜெராக்ஸ் இயந்திரத்திலேயே அச்சடித்துக்கொள்ளலாம். நான்கு இலக்க எண்ணை மூன்று முறை தப்பாக அடித்தால் கார்டு பூட்டிக்கொள்ளும். பெரும்பாலும் நகராட்சிக்கு நடக்க வேண்டிவரும். வெளிநாட்டவர்கள் ஏமாறும் இடம் இன்னொன்று: கார்டின் ஆயுள் விசாவோடு கட்டப்பட்டது. விசாவைப் புதுப்பித்தால் கார்டு தானாக நீளாது. பழைய தேதி முடியும்முன் நகராட்சியில் கொடுத்துத் தனியாக நீட்டிக்க வேண்டும்.

பார்சல் சேவைக்குத் தாராளமாக முழு மதிப்பெண் கொடுக்கலாம். யமாத்தோ நிறுவனம் 1976இல் தொடங்கிய தக்யூபின் செவன்-இலெவனிலும் ஃபேமிலிமார்ட்டிலும் உண்டு. லாசனிலும் மினிஸ்டாப்பிலும் ஜப்பான் அஞ்சல் நிறுவனத்தின் யூ-பாக். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் வரும் சென்டிமீட்டர்தான் அளவு. தக்யூபினில் கூட்டுத்தொகை 60க்குள் இருந்தால் 2 கிலோ வரை, 80க்கு 5 கிலோ, 100க்கு 10, 120க்கு 15. அளவும் எடையும் வேறு வேறு படியில் வந்தால் மேல்படிக் கட்டணம். அரிசி மூட்டையைச் சின்னப் பெட்டியில் அடைத்துக் காசு மிச்சம் பிடிக்க முடியாது. குளிரூட்டிய பார்சலைக் கொன்பினியில் வாங்கமாட்டார்கள், யமாத்தோ கிளைக்கே போக வேண்டும். ஊருக்குப் போகும்போது பசலூபோங் எனும் பரிசுப் பொருள் பெட்டிகளை விமான நிலையத்துக்கு முன்கூட்டி அனுப்புவதற்கு இது நல்ல வழி. குறைந்தது இரண்டு நாள் இடைவெளி விடுங்கள்.

பார்சலை வாங்கும் பக்கம் பழக்கம் அடியோடு மாறும். மணிலாவில் வீட்டில் ஆள் இல்லையென்றால் பக்கத்து வீட்டிலோ சாரி-சாரி கடையிலோ கொடுத்துவிட்டுப் போவார்கள். ஜப்பானில் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாமலே இரண்டு வருடம் ஓடும். ஆள் இல்லையென்றால் பெட்டியைத் திரும்ப எடுத்துப்போய், கதவில் சீட்டு வைப்பார்கள். அதிலுள்ள எண்ணைப் போட்டு நேரம் குறித்தால் மீண்டும் வருவார்கள். கடைசி நேரம் இரவு 7 முதல் 9. இணையத்தில் வாங்கும்போதே வீட்டருகில் உள்ள கொன்பினியைப் பெறும் இடமாகப் போட்டுக்கொள்வது ஷிப்ட் வேலைக்காரர்களுக்குத் தோது.

உட்கார்ந்து சாப்பிட மேசை போட்ட கடைகளில் வரி வித்தியாசம் உண்டு: 2019 அக்டோபர் முதல் எடுத்துப்போனால் 8 சதவீதம், அங்கேயே சாப்பிட்டால் 10. உட்காரப் போகிறீர்கள் என்றால் பணம் கட்டும்போதே சொல்லிவிட வேண்டும். குப்பைத் தொட்டி அந்தக் கடையில் வாங்கிய பொருளின் குப்பைக்கு மட்டும். கழிப்பறை பெரும்பாலான கடைகளில் இலவசம், சுத்தம். கேட்டுவிட்டுப் போவது மரியாதை.

குறை என்று சொன்னால் மூன்று. விலை முதலாவது: அதே பால், அதே முட்டை சூப்பர்மார்க்கெட்டில் மலிவு. வாராந்திர மளிகையைக் கொன்பினியில் வாங்கினால் ஊருக்கு அனுப்பும் பணத்தில் துண்டு விழும். இரண்டாவது, 'திங்கி' கிடையாது. சாரி-சாரியில் ஒரு சிகரெட், ஒரு பல் பூண்டு, ஒரு பிளாஸ்டிக் பையில் கால் கோப்பை வினிகர் என்று தேவைக்கு வாங்கலாம். கையில் இருபது பெசோ இருந்தால் இருபது பெசோவுக்குச் சமையல். கொன்பினியில் சிகரெட் 20 உள்ள பாக்கெட்டாகத்தான், அதையும் சுவரிலுள்ள எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

மூன்றாவது, உதாங், அதாவது கடன். சாரி-சாரி அக்காவிடம் 'லிஸ்தா' என்று ஒரு நோட்டு இருக்கும். சம்பளம் வரும்வரை அதில் எழுதிக்கொண்டே போவார். 'இன்று கடன் இல்லை, நாளை உண்டு' என்று பலகை மாட்டியிருந்தாலும், 'சூகி' என்று சொல்லும் வாடிக்கைக்காரருக்கு நோட்டு திறக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இரவு பன்னிரண்டுக்கும் ஜன்னலைத் தட்டி இரண்டு மாத்திரை வாங்கிக்கொண்டு நாளைக்குத் தருகிறேன் என்று போகலாம். பெரும்பாலான கொன்பினிகள் இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும், ஆனால் ஒரு யென் குறைந்தாலும் பொருள் கைக்கு வராது. அது ஊழியரின் கல்நெஞ்சம் இல்லை. கணக்கு ஒட்டாவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பெரிய நகரங்களில் அந்த ஊழியரே நேபாளத்திலிருந்தோ வியட்நாமிலிருந்தோ பிலிப்பைன்ஸிலிருந்தோ வந்த மாணவராக இருப்பார், வாரத்துக்கு 28 மணி நேரம் மட்டுமே வேலை செய்ய அனுமதி உள்ளவர். பெயர்ப் பட்டையில் கதகானா எழுத்தில் சாண்டோஸ் என்றோ ரேயெஸ் என்றோ கண்ணில் பட்டால், பின்னால் வரிசை இல்லாத நேரமாகப் பார்த்து "சலாமத், ஆத்தே", அதாவது "நன்றி அக்கா" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.